செவ்வாய்க்கிழமை விமானம்

இரண்டு மாதமாக மலைக்குப் பின்னால் கிடந்த சூரியன்
ஜனவரிக் கடைசியில் ஏழு நிமிடம் எட்டிப் பார்த்தது.
எங்கள் பனிக்கடல் ஊரில் அன்றைக்கு
வீட்டுக்கு வீடு பான்கேக் சுடுவார்கள்.
சர்க்கரை தூவி மடித்துத் தட்டோடு கையில் கொடுத்தார்கள்.
வெயில் என் முகத்தில்தான் விழுந்தது.
வேறு எவன் முகத்திலோ விழுவதைப்போல்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் தோள்வலி என்று சொல்லி மருத்துவரிடம் போனேன்.
இழுவைக் கப்பலின் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம்.
வலித்ததில் பொய் இல்லை.
அமுக்கிப் பார்த்தார். மாத்திரை எழுதினார்.
கதவின் கைப்பிடியைத் தொட்ட பிறகு
முதுகைக் காட்டியபடியே சொன்னேன்:
"தூக்கமும் வருவதில்லை."
பிடியைத் திருப்பவில்லை.
"கரையில் நின்று கடலைப் பார்க்கிற விதம்
எனக்கே பிடிக்கவில்லை."

நாற்காலி இழுபடும் சத்தம்.
"உட்காருங்கள், எய்வின்டுர்.
அடுத்த ஆள் காத்திருக்கட்டும்."
எந்த விதம் என்று சுற்றி வளைக்காமல் கேட்டார்.
சுற்றி வளைக்காமல் சொன்னேன்.
இரவில் அழைக்க ஓர் எண் எழுதிக் கொடுத்தார்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன்,
மின்கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்.

மனநல நிபுணர் தெற்கிலிருந்து வருவார்,
செவ்வாய்தோறும், சின்ன விமானத்தில்,
காற்று அனுமதித்தால்.

முதல் செவ்வாய் அனுமதிக்கவில்லை.
காத்திருப்பு அறையில் மூன்று பேர் இருந்தோம்.
நான்கு தெரு உள்ள ஊரில்
ஒருவரையொருவர் தெரியாதவர்போல் இருப்பது
பெரிய வேலை.
"தடுப்பூசி போட வந்தேன்" என்றான்
பள்ளிப் பேருந்து ஓட்டும் பால்ட்வின்.
"தோள்" என்றேன் நான்.
மீன் ஆலையில் வேலை செய்யும் போலந்துக்காரி போஷேனா
"மனசு சரியில்லை, அதனால் வந்தேன்" என்றாள்.
எங்கள் மொழியில் பொய் சொல்லுமளவுக்கு
அவள் இன்னும் படித்திருக்கவில்லை.
பால்ட்வின் தன் தொப்பியைப் பார்த்தான்.
வெகுநேரம் கழித்து, "எனக்கும்" என்றான்,
தொப்பியிடம்.

இரண்டாம் செவ்வாய் விமானச் சத்தம் கேட்டது.
மலைக்கு மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
பிறகு சத்தம் மெலிந்து மெலிந்து
தெற்கே போய்விட்டது.
"திரும்பிவிட்டார்கள்" என்றாள்
வரவேற்பு மேசையில் இருந்த தோர்டிஸ்,
தானே ஓட்டிவந்து தோற்றவள்போல.
வெளியே வந்து பனிக்குவியலை எட்டி உதைத்தேன்.
காற்றைத் திட்டினேன், மலையைத் திட்டினேன்,
விமானியின் அப்பனையும் விட்டுவைக்கவில்லை.
பாதி வழியில்தான் உறைத்தது:
அக்டோபர் தொடங்கி எதுவுமே வேண்டாம் என்றிருந்தவனுக்கு
ஒன்று வேண்டியிருந்திருக்கிறது.
ஷூவுக்குள் பனி உருகி
கால் ஜில்லென்றிருந்தது.

மூன்றாம் செவ்வாய் இறங்கியது.
ஹ்ரெப்னா நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண்.
முகம் வெளிறியிருந்தது.
"ஒரு நிமிடம் கொடுங்கள், கை இன்னும் நடுங்குகிறது" என்றாள்.
"இறங்கும்போது விமானம் குதித்தது."
நான்தான் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன்.
பேச எளிதாக இருக்குமென்று
"எஞ்சின்போல் கழற்றிப் பார்த்துவிடுங்கள்" என்றேன்.
"எஞ்சின் எனக்குத் தெரியாது.
கெட்டுப்போகிறதென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"சத்தம் மாறும். ஆனால் உள்ளேயே இருப்பவனுக்குக்
காது பழகிப்போய்விடும்.
மேலே இருந்து எவனாவது இறங்கிவந்து..."
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.
அவளும் முடித்துவைக்கவில்லை.

பிறகு அந்தக் கையுறையைப் பற்றிச் சொன்னேன்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
அதை இங்கே எழுதப்போவதில்லை.
முக்கால் மணி நேரத்தில் கையுறையின்
ஒரு விரல் அளவுக்குத்தான் வந்திருப்போம்.
"அடுத்த செவ்வாய்?" என்றாள்.
"காற்று விட்டால்" என்றேன்.
"விடாவிட்டால் தொலைபேசியில்" என்று
நாட்குறிப்பில் அடிக்கோடிட்டாள்.

இப்போதெல்லாம் திங்கள் இரவு
வானிலை அறிக்கை முடியும்வரை விழித்திருக்கிறேன்.
ஆலை வாசலில் போஷேனா
கையை விமானம்போல் சாய்த்துக் காட்டிக் கேட்கிறாள்.
கட்டைவிரலை உயர்த்துகிறேன்,
அல்லது தாழ்த்துகிறேன்.
சில இரவுகள் நான்கு மணி நேரம் தூங்குகிறேன்.
தோள் இன்னும் வலிக்கிறது.